சனிக்கிழமைதான் பேங்க் திறக்கும்

அந்த டெலிபோன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். போடியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஏலக்காய்க் கமிஷன் கடையில் அப்போது ஒரே ஒரு போன்தான். அதுவும் முதலாளியின் மேசைமேல், பூட்டுப் போட்டு இருக்கும். வெளிநாட்டிலிருந்து எனக்குக் கால் என்றதும் அவரே எழுந்து ரிசீவரை நீட்டினார். அங்கிருந்து மூன்று நிமிடம் பேசினால் ஒரு நாள் கூலி போய்விடும். நல்ல சேதியென்றால் எவனும் கடிதாசிதான் போடுவான்.

பேசியவர் தேவாரத்துக்காரர். வளைகுடாவில் என் மாப்பிள்ளையோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை.

“அண்ணே, பக்கத்துல ஆளு இருக்கா?”

“இருக்கு. சொல்லு.”

“அப்ப மூஞ்சிய மாத்தாமக் கேளுங்க. மாப்ள நேத்து ராத்திரி போயிட்டாருண்ணே. நெஞ்ச அடைக்குதுன்னாரு. ஆசுபத்திரி வாசல்ல எறக்கும்போதே உசுரு இல்ல.”

நான் மூஞ்சியை மாற்றவில்லை. எதிரே முதலாளி மாதிரிக்காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். சரி, சரி என்றேன். சரக்கு விலை கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

“ஆருகிட்டயும் சொல்லிராதீங்க. இங்க பெருநாளு லீவு. சனிக்கெழமதான் பேங்கு தெறக்கும். பொட்டிக்குள்ள அவரு கையெழுத்துப் போட்ட செக்கு ரெண்டு கெடக்கு. பணத்த எடுத்து எங்கணக்குல போட்டு, தங்கச்சி பேருக்கு அனுப்பிர்றேன். அதுவரைக்கும் அங்க எழவு விழுந்துரக் கூடாது.”

அனுப்பியதும் “லோடு ஏறிருச்சு” என்று தந்தி கொடுப்பதாகச் சொன்னார். லைன் அறுந்துவிட்டது. “என்னப்பா, நல்ல சேதியா?” என்று முதலாளி கேட்டார். “மாப்ளதான், வளைகாப்புக்கு வர முடியலையாம்” என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ.

அந்தக் கையெழுத்துச் செக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை அந்த அறையில் ஆரம்பித்து வைத்ததே நான்தான். எழுபதுகளின் கடைசியில் இரண்டு வருடம் நானும் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தேன். சிறுநீரகத்தில் கல்லைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தேன். எங்கள் கேம்ப் ஒரு மூலையில், பேங்க் டவுனில். எங்களுக்கு லீவு நாளில் பேங்குக்கும் லீவு. ஏல மலை எஸ்டேட்டில் என்ன செய்வோம்? ஒருத்தன் போடிக்கு இறங்கி வந்து, லயத்தில் இருக்கும் பத்து வீட்டுக்கும் சாமான் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறுவான். அவன் கையில் காசைக் கொடுத்துவிட யாரும் யோசிக்க மாட்டார்கள். அதையே அங்கேயும் செய்தோம். ஆளுக்கு இரண்டு செக்கில் கையெழுத்தை மட்டும் போட்டு ஒரு தகரப் பெட்டியில் வைத்துவிடுவோம். மாதத்துக்கு ஒருத்தன் பர்மிஷன் வாங்கிப் போய் எல்லோருக்கும் பணம் எடுத்து, டிராப்ட் எடுக்க வேண்டியவர்களுக்கு எடுத்து வருவான். கவுண்டரில் இருந்தவர் மலையாளி. போடிமெட்டுக்கு மேலே காய் வாங்கப் போய் நான் கற்ற அரைகுறை மலையாளத்தை வைத்து அவரைச் சிநேகம் பிடித்தேன். அவர் கையெழுத்தை அட்டையோடு ஒத்துப் பார்ப்பார், “ஆளு சுகந்தன்னே?” என்று கேட்பார், நோட்டை எண்ணித் தள்ளுவார்.

ஆள் சுகம் என்று சொன்னால்தான் பணம். செத்துவிட்டான் என்று பேங்குக்குத் தெரிந்தால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அந்த ஊர்க் கோர்ட்டு, வாரிசுச் சான்று, எம்பசி முத்திரை என்று இழுக்கும். நான் இருந்த காலத்தில் உத்தமபாளையத்துக்காரர் ஒருத்தர் அங்கே செத்தார். நான் ஊர் திரும்பிய பிறகும் அவர் பெண்சாதி மனு எழுதிக்கொடுக்கச் சொல்லி என்னிடம் வந்துகொண்டிருந்தாள். ஒரு காசு வரவில்லை.

மாப்பிள்ளையின் நான்கு வருடச் சம்பாத்தியம் முழுக்க அந்தக் கணக்கில்தான் கிடந்தது. ஊருக்கு அனுப்பினால் அவருடைய அண்ணன் குடும்பச் சொத்து என்று பங்கு கேட்பார், அங்கேயே சேருங்கள் என்று யோசனை சொன்னவனும் நான்தான். பெரிய பேங்க் மேனேஜர் என்று எனக்கு நினைப்பு. அந்த அண்ணனிடம் கம்பெனி விலாசம் இருந்தது. சாவு தெரிந்தால் அன்று சாயங்காலமே பணத்தைக் கேட்டுக் கம்பெனிக்குத் தந்தி அடிப்பார், அதன் பேரில் கம்பெனி பேங்குக்கு எழுதும். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். அந்தப் பணம் போய்விட்டால் அவளும் பிள்ளையும் ஏலக்காய்க் கடைகளில் காய் பொறுக்கித்தான் வயிற்றைக் கழுவ வேண்டும்.

எங்கள் பக்கம் எழவுச் சேதியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. சோற்றில் கை வைத்தவன்கூட உதறிவிட்டு எழுந்து நாலு ஊருக்கு ஆள் விடுவான். தெரிந்தும் சொல்லாதவனைச் செத்தவன் சும்மா விடமாட்டான் என்பார்கள். அதெல்லாம் கிழவிப் பேச்சு என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கை இலைக்குப் போகவில்லை. போடியில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சாவு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தங்கைக்கு வளைகாப்பு. தள்ளிப் போட முடியுமா என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

“ஆத்தா, ஒரு ரெண்டு வாரம் கழிச்சு வச்சுக்கிருவமா? கடையில சோலி தலைக்கு மேல கெடக்கு.”

“ஒனக்கென்ன கிறுக்காடா அப்பு? ரெண்டு வாரத்துல பெரட்டாசி பொறந்துரும். எட்டாம் மாசமும் பொறந்துரும். குறிச்ச நாள மாத்துனா வகுத்துப் புள்ளைக்கும் ஆகாது, மாப்பிள்ளைக்கும் ஆகாது. போ, போயி வெரசா வளையல வாங்கிக் கொண்டா.”

பிறந்த வீட்டு வளையலை அண்ணன்காரன்தான் வாங்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் பச்சையும் சிவப்புமாக எடுத்துப் போட்டார். ஒரு கைக்கு ஒன்று கூடுதலாக வரும்படி எண்ணினார். “மாப்பிள்ளை பிரசவத்துக்காவது வருவாரா?” என்று கேட்டார். வருவார் என்றேன். உடலைப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். வளையல்களை நூலில் கோத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீடு வரைக்கும் அவை பைக்குள் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடையிலிருந்து ஜீப்பு ஏறப் போகும்போது தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். கம்பெனியின் தந்தி. மாப்பிள்ளையின் ஊருக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்று அவர் எங்கள் கடை விலாசத்தைத்தான் அங்கே கொடுத்திருந்தார். செத்த தேதி, நேரம், உடலைப் பற்றி உடனே பதில் தரவும் என்று இங்கிலீஷில் இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சந்தனக் கிண்ணமும் பூவும் வளையலும் இருந்த தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவோடு மலையடிவாரத்தில் தங்கை இருந்த மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பாகப் போட்டார்கள். பிறகு கட்டுக்கழுத்திகள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். தங்கை போட்டோக்காரரை விரட்டிக்கொண்டிருந்தாள். “அவருக்கு அனுப்பணும். மூஞ்சி தெரியாட்டியும் பரவாயில்ல, வளையலு நல்லாத் தெரியணும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் எல்லாரும் கையை எடுத்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக என் பல் கூசியது.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அண்ணன் என் பக்கத்திலேயே நின்று பரிமாறச் சொன்னார். “மச்சானுக்கு இன்னுங் கொஞ்சம் புளிச்சோறு வைங்கப்பா. தம்பி இல்லாத கொற தெரியக் கூடாது.” அவர் தம்பி இறந்து நாலாவது நாள் அது. அந்த மனிதருக்கு நான் செய்ததை அந்தச் சமயத்தில் நினைக்கவே இல்லை. தந்தி பையில் இருக்கிறதா என்றுதான் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அன்றே தங்கையைப் பிரசவத்துக்காகப் போடிக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இனி அவள் என் கண்முன்னாலேயே இருப்பாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சனிக்கிழமை முழுக்க அவள் உட்கார்ந்து வெளிநாட்டுக்குப் போடும் ஏர்மெயில் காகிதம் ஒன்றில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள். இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதினாள். ஒட்டி என்னிடம் கொடுத்தாள்.

“அண்ணே, இன்னைக்கே போட்டுரு. வளையல் எத்தனன்னு எழுதியிருக்கேன்.”

அதை வாங்கிக்கொண்டு போய் நிஜமாகவே தபால் பெட்டியில் போட்டேன். கிழித்துப் போடக் கை வரவில்லை. அவள் கையை அசைக்கும்போதெல்லாம் வீட்டில் வளையல் சத்தம் கேட்டது. நான் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன், காய் வரவு அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை “லோடு ஏறிருச்சு” என்று தந்தி வந்தது. கவுண்டர்க்காரர் வழக்கம்போல ஆள் சுகமா என்று கேட்டதாகவும், சுகம் என்று தாம் சொன்னதாகவும் தேவாரத்துக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புதன்கிழமை போடி பேங்கில் தங்கை கணக்கில் பணம் ஏறிவிட்டது. பாஸ்புக்கில் பதிந்து வாங்கினேன். கடைக்குப் பின்னால் போய் அந்தக் கம்பெனித் தந்தியைக் கொளுத்தினேன். அதில் தேதி இருந்தது. பிறகுதான் வீட்டுக்குப் போய் எழவு சொன்னேன்.

நேற்று ராத்திரி போய்விட்டார் என்று சொன்னேன். எட்டு நாளை எப்படிக் கணக்குக் காட்டுவது? பொய்யை அரைகுறையாகச் சொல்ல முடியாது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். தங்கை விழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “நேத்தா?” என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன்.

உடல் வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. எரித்தோம். பதினாறை நான் சொன்ன தேதியிலிருந்து எண்ணித்தான் கும்பிட்டார்கள். மறுநாளே மாப்பிள்ளையின் அண்ணன் பேங்க் கணக்கைப் பற்றிக் கேட்டார். அதனால் நான் போட்ட கணக்கு தப்பில்லை. இன்றைக்கும் யாரோடும் வாதாடுவேன். வாதாடத்தான் யாரும் வரவில்லை.

கம்பெனி நஷ்ட ஈட்டுக்குத் தங்கை கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. உடலோடு வந்த காகிதங்களை ஒரு உறையில் போட்டு அவள் முன்னால் வைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுப் பேனாவைத் தேடினேன். அவள் பத்தாவது படித்தவள் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. இறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். அவள் கையில் அப்போது வளையல் ஒன்றும் இல்லை.

“நீ வளையல வாங்கும்போதே ஒனக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியும்மா. பேங்கு சனிக்கெழமதான்...”

“அவரு செத்துக் கெடக்காரு, நான் சந்தனத்தப் பூசிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். லெட்டரு வேற எழுதுனேன். நீ அதையும் வாங்கிட்டுப் போன.” அவள் சத்தம் போடவில்லை. “அதுக்கு எம்புட்டு வந்துச்சுண்ணே?”

பைசா வரைக்கும் எனக்குத் தெரியும். பேனாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்தப் பணத்தை அவள் வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிடவில்லை. பிள்ளை இருக்கும்போது யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். மலையில் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் வாங்கினாள், பெண் பிள்ளையைப் பெற்றாள், பிறந்த வீட்டை விட்டுப் புருஷன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், தானாகப் பேச மாட்டாள். மூன்றாம் வருடம் ஒரு நாள் அவள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“அண்ணே, தங்கச்சி ஒரு சேதி சொல்லச் சொல்லுச்சு. புள்ளைக்குக் காது குத்தியாச்சாம்.”

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. யார் மடி என்று கேட்டேன். ஒன்றுவிட்ட தம்பி மடியில் என்றார். என்றைக்கு என்று கேட்டேன்.

“அது ஆச்சுண்ணே எட்டு நாளு. நான் அன்னைக்கே சொல்லிர்றேன்னேன். இல்ல, எட்டு நாளு கழிச்சுச் சொல்லுங்க, அண்ணனுக்குப் புரியும்னுச்சு.”