மேல் லயத்திலிருந்து துண்டு வரவில்லை

தோட்டத்து மருந்துக்காரனுக்கு நாடி பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் வேலை கொடுக்கிறார்கள்; அந்த நாடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை எவரும் சொல்வதில்லை. உட்கார்ந்தே பருத்துவிட்டு, பிறகு மேட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட அன்பர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒல்லியானவர்கள் படிக்கலாம், சிரிக்கக் கூடாது.

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊரில் மிக உயரமான இடம் கிணற்றடித் துலாவின் நுனி. அங்கே வைத்தியம் படித்து, கண்டிக் குளத்தைப் பார்த்த ஒரு மருந்துச்சாலைக் கதிரையில் ஆறு வருடம் அமர்ந்து, அந்தக் கதிரையின் வடிவத்தையே அடைந்தேன். பிறகு ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மருந்தறை அடிவாரத்தில். கூலியாட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் மேல் லயமோ முகில் உரசும் இடத்தில். அங்கே ஒருவர் படுத்துவிட்டால், கங்காணி பெயரெழுதி ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவார். அன்றைக்கே நான் ஏற வேண்டும். ஒரு தரம் தவறினாலும் வேலை போய்விடும் என்றார் துரை. அது நியாயந்தான். இறங்கி வர முடிந்தவனுக்கு என் மருந்து தேவையில்லை. தேவைப்பட்டவனால் இறங்க முடியாது.

முதல் துண்டு

மாடசாமி என்ற கிழவருக்குக் காய்ச்சல் என்று முதல் துண்டு வந்தது. மலையேற உதவும் தசைகள் எவையெவை என்று பரீட்சையில் எழுதி முதலாவதாகத் தேறியவன் நான். அவை எனக்கும் உண்டு என்பதை முதல் திருப்பத்தில் அறிந்தேன். இரண்டாம் திருப்பத்தில் அவை இல்லை என்று அறிந்தேன். குறிஞ்சி நிலத்தை அவ்வளவு இனிமையாகப் பாடிய பழம்புலவர்கள் அடிவாரத்தில் நின்றுதான் பாடியிருக்க வேண்டும்; ஏறியவன் வாயிலிருந்து அப்படிச் சீர் பிறழாமல் வராது.

மத்தியானம் தாண்டி லயத்து வாசலை அடைந்தபோது எனக்குக் கண் இருண்டது. யாரோ விசிறினார்கள். யாரோ மல்லித் தண்ணீர் புகட்டினார்கள். மூக்கன் கங்காணி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நானே பலமுறை செய்திருக்கிறேன். அதன் பொருள் தெரிந்ததால் திடுக்கிட்டு எழப் பார்த்தேன். அதற்குள் நோயாளி மாடசாமியே எழுந்து, தன் பாயை உதறி எனக்கு விரித்துவிட்டார்.

"படுங்க ஐயா. என் காச்ச பொறுத்துக்கிடும்."

ஐந்தாவது கல்

வழியில் நான் இளைப்பாற ஏழு கற்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன். அவை அச்சில் வரத் தக்கவையல்ல. இரண்டாவது துண்டுக்காக ஏறிய நாளில் ஐந்தாவது கல்லில் அமர்ந்திருந்தேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அசைவு இல்லை. கோப்பிப் பழம் பறித்த சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பேச்சி என்ற பெண் என்னைக் கடந்து கீழே போனாள். சாக்கை ஸ்டோரில் இறக்கிவிட்டு மேலே போனாள். மறுபடி ஒரு சாக்கோடு கீழே வந்தாள். நான் அதே கல்லில்தான் இருந்தேன். ஒரு பெண் இந்த மலையை இரண்டு தரம் இறங்கி ஒரு தரம் ஏறும் நேரத்தில் நான் எழுந்திருக்கக்கூட இல்லை என்பது உறைத்தபோது கல்லைவிட்டு எழுந்தேன். அவளோ என்னைக் கண்டு அலறியேவிட்டாள்.

"அடியாத்தீ, நீங்களா! முனியாண்டி கல்லுன்னுல்ல நெனச்சேன். ரெண்டு தடவ கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனேனே ஐயா!"

நானாவின் கடையில்

வயிற்றை இறுகக் கட்டினால் ஏற்றம் இலகுவாகும் என்று ஓர் ஆங்கில மருத்துவ ஏட்டில் படித்திருந்தேன். எழுதியவர் ஒல்லியானவராக இருக்க வேண்டும். திகனக் கடைவீதியில் தோல் சாமான் விற்கும் முஸ்லிம் வியாபாரி நானாவிடம் போய் இடைப்பட்டி கேட்டேன். கடையில் இருந்த பட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் இரண்டு முனைகளும் இருந்தன, அவை சந்திக்கவில்லை. நானா தாடியைத் தடவியபடி என்னைச் சுற்றி ஒரு வலம் வந்தார். பிறகு உள்ளே போய், அகலமான ஒரு வாரை எடுத்துவந்து, மிக மரியாதையாக என் இடுப்பில் சுற்றினார். அளவு கச்சிதம். அதுவே என்னை அதிரவைத்தது.

"வண்டி மாட்டுக்கெண்டு வெச்சீந்தது டொக்டர். கோவம் எடுக்க வாணாம், கொஞ்சம் மூச்ச இழுத்துப் புடிங்க."

துரையின் பாராட்டு

பட்டி கட்டிய ராசியோ என்னவோ, அதன்பின் மேல் லயத்திலிருந்து துண்டே வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். கோப்பி பூத்து மலை முழுக்க வெள்ளையாய்க் கிடந்தது. நான் மருந்தறையில் அமர்ந்து, உயரமான இடங்களில் வீசும் காற்றின் மகிமை பற்றி ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கினேன். துரை குதிரையில் வந்து என் பதிவேட்டைப் புரட்டினார். மேல் லயத்துப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. தமக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி என் தோளில் தட்டினார். என் திறமை எனக்கே தெரியாமல் இவ்வளவு வளர்ந்ததா என்று நான் வியந்து நின்றேன்.

"மருந்தையா ரொம்பக் கெட்டிக்காரன்! மேலே ஒரு ஆளுக்கும் சீக்குக் கிடையாது!"

வெள்ளைத் துணி

மறுநாள் மூக்கன் கங்காணி மருந்தறையைக் கடந்து மலைப்பக்கம் போனார். துரை சொன்னதைச் சொல்லிப் பெருமைப்பட அவரைக் கூப்பிட்டேன். கேட்டுக்கொண்டார்; முகத்தில் சிரிப்பில்லை. கக்கத்தில் மடித்த வெள்ளைத் துணி இருந்தது. புதுக் கோடி.

"ஆர் செத்தது?" என்றேன்.

"இன்னும் சாகலீங்க. நம்ம பேச்சிக்கு எட்டு நாளாக் காச்ச. கண்ணு தொறக்கல. அப்புறம் திகனைக்கு ஓட ஆளு கெடைக்காதுன்னு முன்னாடியே வாங்கிட்டேன்."

ஏன் துண்டு அனுப்பவில்லை என்று கத்தினேன். இந்த மூன்று மாதத்தில் வேறு யாருக்கும் காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். பதினொரு பேருக்கு வந்ததாம். எல்லாரும் எப்படியோ எழுந்துவிட்டார்களாம். துண்டு அனுப்பக் கூடாது என்று லயத்தில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்களாம். முடிவைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்க ஏறி வாரப்ப வழியில போயிட்டீகன்னா, கீழ இருக்குற சனத்துக்கு யாரு ஐயா மருந்து குடுப்பா?"

ஏழு கற்கள்

மருந்துப் பெட்டியைக் கங்காணி தலையில் ஏற்றிவிட்டு அப்போதே ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. ஏழு கற்களில் நான்கை உட்காராமல் கடந்தேன். மற்ற மூன்றைத் தவழ்ந்து கடந்தேன். நானாவின் பட்டி எங்கே அறுந்தது என்று தெரியாது. முழங்கால் இரண்டும் கிழிந்து இரத்தம் வழிந்தது. பார்த்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

பேச்சி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். மூன்று மாதத்துக்கு முன் இதே மலையைச் சாக்கோடு இறங்கிய உடம்பு இவ்வளவு சிறியதா? மணிக்கட்டைப் பிடித்தேன். முதலில் என் நாடிதான் கேட்டது. மூச்சை அடக்கிப் பொறுத்திருந்தபோது, அதற்கு அடியில், நூல்போல ஒன்று ஓடியது. காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைக் கரைத்துக் கரண்டியால் புகட்டினேன். அவள் அந்தக் கசப்புக்குக் கண் திறந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"மொதல்ல உக்காருங்க ஐயா. எனக்குப் பழைய சீக்கு. ஒங்களுக்கு இப்பத்தான ஆரம்பிக்குது."

மேலிருந்து வந்த துண்டு

ஐந்து நாள் நான் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ஐந்தாம் நாள் பேச்சி கஞ்சி கேட்டாள். அன்று மேல் லயத்திலிருந்து ஒரு துண்டு கீழே போனது. எழுதியவன் நான், பெயர் என்னுடையது. வெறும் பக்கங்களின் உண்மையைத் துரைக்கு எழுதி, என் பாயையும் மற்ற மருந்துகளையும் மேலே அனுப்பும்படியும், கீழே உள்ள நோயாளிகளைப் பார்க்கத் தினமும் நானே இறங்கி வருவதாகவும், மாலையில் ஏறுவது என் பாடு என்றும் குறித்திருந்தேன். மூக்கன் கங்காணி அந்தக் கோடித் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, வீங்கிய என் முழங்கால்களில் ஒவ்வொன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"நல்லவேளை ஐயா, வாங்குன துணி வீணாப் போகல."

இப்போது ஒவ்வொரு மாலையும் ஏழு கற்களிலும் அமர்ந்து அமர்ந்துதான் வீடு சேர்கிறேன். பேச்சி மட்டும் கடந்து போகும்போது இன்னமும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.