நான் எழுதிய குரங்கு நோட்டு

மூன்று வருடங்களுக்கு முன், இரும்புலியூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடந்தேன். ஜன்னலுக்கு நேரே பக்கத்து பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி. தினமும் நாலு மணிவாக்கில் அங்கே ஒரு குரங்குக் கூட்டம் வரும். பொழுது போகாமல் பழைய நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு வந்தன, எந்த வழியாக, யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள், சண்டை முடிந்ததும் யார் யாரிடம் ஒட்டிக்கொண்டார்கள் என்று.

அந்தக் கூட்டத்தில் வால் குட்டையான ஒரு கிழவி. எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். வந்ததும் காது கிழிந்த இன்னொருத்தியின் முன்னால் போய்த் தலையைக் குனிவாள். அவளும் தின்பதை விட்டுவிட்டு முடியை விலக்கிப் பேன் பார்ப்பாள். எங்களுக்குப் பூ கொண்டுவரும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "பின்ன இன்னாம்மா? குனிஞ்ச தலைக்கு ஒரு கை வோணும். அதான் சொந்தம், மத்ததெல்லாம் சும்மா" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

ஒரு வீட்டுக்குள் புகுந்த குரங்கு குழந்தையைப் பிராண்டிவிட, அனுமதி வாங்கிக் கூண்டு வைப்பதென்று அசோசியேஷனில் முடிவானது. செயலாளர் வீட்டுக்கே வந்தார். "மேடம், நீங்க எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களாமே. குடுங்க, ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கும்."

பத்தாவதோடு நின்றவள் எழுதியதை ஒருவர் கேட்டு வாங்குகிறார். பூரித்துப்போய் நோட்டைக் கொடுத்து, காபியும் கொடுத்தனுப்பினேன்.

அவர்கள் நேரத்தையும் வழியையும் மட்டும்தான் படித்தார்கள். ஒரே வாரத்தில் கூட்டம் மாட்டியது. எங்கோ மலைக்காட்டில் விட்டார்களாம்.

மறுநாள் வால் குட்டை மட்டும் வந்தாள். கடைசியாக வருகிறவள் அல்லவா, தப்பிவிட்டாள். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு வழக்கமான இடத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். அப்படியே இருந்தாள். ஜன்னலோரம் என் பக்கத்தில் நின்ற பூக்கார அக்கா, "இன்னும் அந்தக் கைய எதிர்பாத்துகினு கீது பாரு" என்று மெதுவாகச் சொன்னார்.

செயலாளருக்கு போன் செய்து, இதையும் பிடித்து அங்கேயே விடச் சொன்னேன். "கூண்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க மேடம். ஒண்ணுதானே, அது பாட்டுக்கு இருக்கும்."

பதினோரு நாள் வந்தாள். அப்புறம் வரவில்லை.

கால் சரியாகிவிட்டது. நோட்டும் திரும்பி வந்துவிட்டது. யாருக்கு யார் என்று அத்தனை பக்கம் எழுதியவள் அதை யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தேனே என்று, இன்றும் நாலு மணியானால் என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.