கூடையை இறக்கச் சொன்னவர்

தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளின் பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது புஷ்பம் வாசலில் வந்து நின்றாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற நேரம். அந்த நேரத்தில் அவள் மலையை விட்டு இறங்க மாட்டாள். "டீச்சர், அன்னலெச்சுமி அக்கா போயிட்டாங்களாம். நுவரெலியா ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு" என்றாள். நான் "சரி" என்றேன். மிச்சக் கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அழுகை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியாது.

நோர்வூட் பக்கம் அவரை அறிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்னலெச்சுமி அக்கா எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மாதர் சங்கத் தலைவி. பிள்ளைகள் இல்லை. கணவர் காளிமுத்து அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்து இருமலோடு ஓய்வு பெற்றவர். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்காவுக்கு அங்கே ஒரு அலுவலும் கிடையாது. ஆனாலும் தினம் எட்டிப் பார்த்து ஏதாவது குறை சொல்லாமல் போகமாட்டார். "ஏன் டீச்சரு, பாலுல தண்ணி ஊத்துனியா, தண்ணியில பால் ஊத்துனியா?" என்பார். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே கேட்டிருக்கிறார் என்று இப்போது படுகிறது.

கொவிட் காலத்தில் ஒரு பகல், மடுவத்தில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. பணக்கார நாடுகள் தங்கள் சனங்களுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு தடுப்பூசியை முன்கூட்டியே வாங்கி ஒதுக்கிக்கொண்டன என்று செய்தி சொன்னார்கள். எங்கள் தோட்டத்துக்கு அப்போது ஒரு ஊசியும் வரவில்லை. நகரத்தில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "நம்ம தூளு அந்த நாட்டுக்குத்தானே போகுது? ஒரு நாளு கப்பலு நின்னிச்சா? போற கப்பலுக்கு வர்ற வழி தெரியாதா?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணனின் இருமலைப் பற்றித்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நாட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். கூட்டம் போடக்கூடாது. கோவில் திருவிழா கிடையாது. சங்கத்துக்குப் புதுக் குழு தெரிவு செய்யக்கூடாது. கோவிலடியில் நாலைந்து பெண்கள் நின்று பேசியதற்கே பொலிஸ் வந்து விரட்டியது. ஆனால் பெரட்டு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. காலையில் எல்லாத் தொழிலாளர்களும் ஓரிடத்தில் வந்து நின்று, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவதுதான் பெரட்டு. தேயிலை அத்தியாவசியமாம். பேச நாலு பேர் சேர்ந்தால் நோய் பரவும். வேலைக்கு நானூறு பேர் சேர்ந்தால் பரவாது. இதை எழுதும்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

கடைசியில் ஊசி வந்தது. வந்தது பாதிப் பேருக்குக்கூடக் காணாது. அடுத்தது எப்போது என்று வந்த அதிகாரிக்கே தெரியவில்லை. யாருக்கு முதலில் என்று தோட்டமே முடிவெடுத்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். தோட்ட மேலாளரான துரை உடனே, வேலைக்கு வருகிறவர்களுக்கு என்றார். கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, அவர் கவலை அவருக்கு. அக்கா அவர் முன்னால் போய் நின்று, "ஊசி எங்க ஒடம்புலதானுங்க ஏறப்போகுது. நாங்களே சொல்றோமுங்க" என்றார். கூட்டம் போட அனுமதி இல்லையே என்று பேர் பதிகிற கணக்கப்பிள்ளை இழுத்தார். "இது கூட்டமில்லீங்க, பெரட்டு. பெரட்டுல வாயத் தொறக்கக்கூடாதுன்னு சட்டம் வந்திருச்சா?" என்றார் அக்கா. துரை தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பனி விலகவில்லை. எல்லோர் வாயிலும் மாஸ்க். தள்ளித் தள்ளி நின்றார்கள். அக்கா நிறுவைக் கொட்டகைப் படியில் ஏறி நின்று, தன் பக்கத்து நியாயத்தை நேராகச் சொன்னார். வயசானவர்களைத்தான் இந்த நோய் கொண்டுபோகிறது, அவர்களுக்கு முதலில் போடுவோம் என்றார். "எங்க வீட்லயும் ஒரு ஆளு இருமிக்கிட்டுக் கெடக்காரு. அதையும் மனசுல வச்சுத்தான் பேசுறேன், மறைக்கல்ல" என்றும் சொன்னார். அதற்கு ஒரு இளம் தாய், "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்புள்ளைகளுக்கு யாருக்கா சோறு போடுவா?" என்று கேட்டாள். "நீ கேக்கிறதும் நாயந்தான்" என்றார் அக்கா.

மாஸ்க்கோடு கத்தினால் யார் என்ன சொல்கிறார்கள் என்று விளங்காது. கையைத் தூக்கச் சொன்னால் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது தூக்குகிற பழக்கத்தில் எல்லோரும் தூக்கிவிடுவார்கள். அதனால் அக்கா ஒரு வழி சொன்னார். வயசாளிகளுக்கு முதலில் என்று நினைப்பவர்கள் முதுகுக் கூடையை இறக்கிக் கீழே வைக்கவேண்டும். ஆண்கள் மண்வெட்டியை வைக்கலாம். வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் என்பவர்கள் அப்படியே நிற்கலாம். என் முதுகில் கூடை இல்லை, எனக்கு அங்கே வாக்கும் இல்லை. எதிரே இருந்த மடுவத்துக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில கூடைகள் இறங்கின. புஷ்பம் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவள் அடுத்தவளைப் பார்த்தாள். பெரட்டில் நிற்கிறவள் மலைக்குப் போய்ச் சேரும்வரை கூடையை இறக்குவதில்லை. கை அதற்குப் பழகியிருக்கவில்லை. யோசித்துக்கொண்டு நின்றவர்கள், சரியாகக் கேட்காதவர்கள், இரண்டும் சரிதானே என்று குழம்பியவர்கள் எல்லோருடைய கூடையும் முதுகிலேயே இருந்தது. அக்கா இறங்கிய கூடைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி. வேலைக்கு வர்றவங்களுக்கு மொதல்ல" என்று சொல்லிப் படியிலிருந்து இறங்கினார்.

புஷ்பம்தான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பாதிப் பேருக்கு வெளங்கவே இல்லக்கா. எனக்கே வெளங்கல்ல. இன்னொருக்கா கேளுங்க." அக்கா சொன்னதை நான் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "நாந்தான் பிசகாக் கேட்டுட்டேன், தெரியுது. ஆனா தோத்தவ இன்னொருக்கா கேக்கக்கூடாது புஷ்பம். ஜெயிச்சவங்க கேக்கட்டும், நிக்கிறேன்." ஜெயித்தவர்கள் கேட்கவில்லை. சங்கு ஊதியது, எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். ஊசி போட்டது எங்கள் மடுவத்தில்தான். நான்தான் உட்காரும் வாங்குகளை அடுக்கிக் கொடுத்தேன். அக்காவும் வேலைக்கு வருகிறவர்தானே. தன் முறைக்கு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த ஊசி வருவதற்குள் காளிமுத்து அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் தப்பு மேளம் அடிப்பார்கள், வரிசை வீடுகளான லயமே திரண்டு போய் நிற்கும். அவருக்கு அது எதுவும் இல்லை. மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்க்க அக்காவை விட்டார்கள், அதுவும் கொஞ்ச நேரந்தான். நான் லயத்துக்குப் போய் அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தது. அவர் உள்ளே இருந்து, "சாப்பிட்டியா டீச்சரு?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

இரண்டாவது தடவை ஊசி வந்தபோது ஏற்றியவள் ஒரு சிங்களத் தாதி. நல்ல பெண். வீட்டில் ஊசி போடாமல் வயசானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் சிங்களத்தில் கேட்டாள். அக்கா "ஹிட்டியா" என்றார். இருந்தார் என்று அர்த்தம். அந்தப் பெண் ஏற்கெனவே துடைத்த கையை இன்னொருதரம் துடைத்தாள். பிறகு போட்டாள். அதே நாட்களில்தான் எங்கேயோ பணக்கார நாடுகளில் காலாவதியான ஊசிகளைக் கொட்டுகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். நான் வானொலியை நிறுத்தப் போனேன். "ஓடட்டும்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகும் அவர் அதே பெண்களோடு, அதே மலையில், அதே நிரையில்தான் கொழுந்து பறித்தார். யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புஷ்பத்தால்தான் தாங்க முடியவில்லை. கூடையை இறக்காமல் நின்றதற்காக அவள் தினம் அக்காவுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா பல மாதம் பேசாமல் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒரு நாள், "ஏய், சம்பல்ல உப்பே இல்ல. குத்தத்துக்குச் சோறு போடுறவ உப்பாவது போட்டுப் போடு" என்றார். மலை முழுக்கச் சிரித்ததாம். புஷ்பம் அழுதாளாம்.

பிறகு பிரதேச சபைத் தேர்தல் தள்ளிப்போனது. கொவிட் என்றார்கள், பிறகு காசில்லை என்றார்கள். சபையும் கலைந்து, பாதை உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் கிடந்தோம். அக்காவுக்கு அப்போதே சிறுநீரகம் கெட்டிருந்தது. "நான் தோத்ததையே ஒத்துக்கிட்டேன் டீச்சரு. இவங்க தேர்தல வைக்கவே பயப்படுறாங்க" என்பார். ஒருவழியாகத் தேர்தல் வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. த்ரீவீலில் தூக்கி உட்கார வைத்துக் கொண்டுபோனோம். புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்து மை பூசிய விரலை என் சேலையில் துடைக்கப் பார்த்தார். நான் ஏசினேன். யாருக்குப் போட்டார் என்று கேட்டதற்கு, "ஒனக்கெதுக்கு?" என்றார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் நான் அதைக் கேட்டேன். இத்தனை வருடம் கேட்காதது. "அக்கா, அன்னைக்கிக் கூடையை எறக்கச் சொன்னதுக்குப் பதிலா வேற மாதிரிக் கேட்டிருந்தா?" அவர் ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பிப் படுத்தார். "எல்லாரும் கூடையத்தான் சொல்றீங்க. அதில்ல பிசகு. பெரட்டுக்கு யாரு வருவா? வேலை செய்றவங்க வருவாங்க. வேலையிலேருந்து பேர் வெட்டின கெழடுங்க யாராச்சும் வந்தாங்களா? சாகப் போறவங்க லயத்துல படுத்துக் கெடந்தாங்க. நான் மத்தவங்ககிட்டப் போயிக் கேட்டேன். பணக்கார நாடெல்லாம் அவங்களுக்குள்ளயே பேசிப் பங்கு போட்டுக்கிட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னப்ப எவ்வளவு திட்டினேன். நான் செஞ்சதும் அதேதான்." பிறகு சொன்னார்: "எங்க வீட்டுக்காரரையே கேக்கல்ல. காலையில தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு, ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

அவர் காரியம் முடிந்த பிறகு மாதர் சங்கத்துக்குத் தலைவி வேண்டும் என்று பேச்சு வந்தது. பெரட்டில் வைத்தே கேட்டு முடித்துவிடலாம் என்றார்கள். சரி, பெரட்டில் கேளுங்கள், ஆனால் முடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் லயம் லயமாகப் போனேன். பேர் வெட்டி வீட்டில் கிடக்கும் ஆண் பெண் எல்லோரிடமும், யார் தலைவியாக வரலாம் என்று காம்பரா வாசலில் நின்று கேட்டேன். மாதர் சங்கத்துக்கு ஆம்பிளைகளிடம் ஏன் கேட்கிறாய் என்று சிலர் சிரித்தார்கள். அன்னலெச்சுமி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த நடைதான். வேறு எதையும் நான் எடுத்துவைக்கவில்லை.

மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில் ரெங்கசாமி ஐயா இருக்கிறார். தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர்; அந்தக் கொவிட்டில் எப்படியோ தப்பியவர். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நான் கேட்டதை முழுதாகக் கேட்டார். "அன்னலெச்சுமி" என்றார்.

"ஐயா, அவங்க எறந்துட்டாங்க. நீங்களும்தானே சாவுக்கு வந்தீங்க."

"தெரியும்மா" என்றார். "நீ கேட்ட. நான் சொன்னேன்."

அதையும் ஒரு வாக்காகச் சேர்த்துக்கொண்டேன்.