எதிர் மேட்டிலிருந்து கூப்பிட்டவன்

சபையாரே, இந்த இடத்தில் நின்று செத்துப் பிழைத்த கதையைச் சொல்லி ஆண்டவரைத் துதித்தவர்கள் உங்களில் பலர். கேட்டு நானும் அழுதிருக்கிறேன். என்னுடைய சாட்சி அந்த மாதிரி முடியாது. என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. ஆனால் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போகவில்லை. எனக்குப் பூசி மெழுகிப் பேச வராது, உங்களுக்கே தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நம் சபை நடத்திய முதியோர் இல்லத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகிற பாதையில், ஒரு ஓடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். தேயிலைக் கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர்கள், செடியைக் கவ்வாத்து வெட்டி விரல் மடங்கிப் போனவர்கள், பிள்ளைகள் இருந்தும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரே அறைக்குள் படுக்க இடமில்லாதவர்கள், பிள்ளைகளே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் அங்கே இருந்தார்கள். இந்துக்களும் உண்டு, நம்மவர்களும் உண்டு. சமையல், குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, கேட்டுச் சாவி, எல்லாம் என் பொறுப்பு.

ஐம்பத்தேழாம் வருஷம், அடைமழைக் காலம். உலகமெல்லாம் பரவிய அந்தச் சளிக்காய்ச்சல் கொழும்பில் இறங்கி, ரயிலேறி, ஹட்டனுக்கும் வந்துவிட்டது. லயங்களில் வரிசையாகப் படுத்தார்கள். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் பாதி ஆள் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் இல்லத்தைக் கவனித்த மருந்துக்கார ஐயா வந்து, "ஞானம், கேட்டைப் பூட்டு. ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது" என்றார். பூட்டினேன்.

வாரக்கணக்கில் பூட்டியே கிடந்தது. நோய் உள்ளே வரவில்லை, உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு வாரத்தில் ஒரே நாள். மகன் வருவான், மகள் ரொட்டி சுட்டுக் கொண்டுவருவாள், பேரப்பிள்ளையின் தலையைத் தடவிப் பார்க்கலாம். அது நின்றதும் கிழடுகள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். சண்டைகூடப் போடவில்லை. வெற்றிலைக்கு அடித்துக்கொள்ளாத முதியோர் இல்லத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பயமாக இருந்தது.

கடைவீதியில் காய்ச்சல் குறைந்துவிட்டது என்று மருந்துக்கார ஐயா மறுபடி வந்தார். "தெறக்கலாம். ஆனா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளு. காய்ச்சல், இருமல் இருக்கான்னு. இருக்குன்னா திருப்பி அனுப்பிரு" என்றார். நல்ல யோசனைதான். நான் கேட்டில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "இல்லீங்க." ஒருத்தி வெற்றிலையை வாய் நிறைய அடக்கிக்கொண்டு சொன்னாள். அவள் அப்பாவைப் பார்க்க வந்தவள். அந்த வெற்றிலை இருமலை அடக்குவதற்காக என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவளைத் திட்டாதீர்கள். நானும் லயத்தில் பிறந்தவள். தோட்டத்தில் காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவான், அன்றைய கூலிக் கணக்கில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் உடம்பு நெருப்பாகக் கொதித்தாலும் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு மலையேறுவது நம் சனங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். கேட்டில் நின்று யார் கேட்டாலும் நம் வாய் கங்காணிக்குச் சொன்னதையேதான் சொல்லும்.

அவள் அப்பாதான் முதலில் போனார். அப்புறம் அடுத்தடுத்த கட்டில்கள். மழையில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. மறுபடி கேட்டைப் பூட்டினேன்.

இப்போது காத்தாயி ஆத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை போனவள். மாரியம்மன் பக்தை, என்னைவிட நீளமான வாய். அவளுக்கு ராமையா என்று ஒரே மகன். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை. ஞாயிறு தவறாமல் வந்து, அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொள்வான். அவள் மூக்கு, காது, தாடி எல்லாம் தடவிப் பார்த்து, "எளச்சிட்டடா" என்பாள். அப்புறம்தான் பேச்சு.

இரண்டாம் முறை பூட்டியதும் அவள் கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

"ஏன் ஆத்தா?"

"எம் மவன் செத்துட்டான். நீங்கல்லாம் மறைக்கிறீங்க."

"ஐயோ, இல்ல ஆத்தா! நல்லாத்தான் இருக்காரு. கேட்டுப் பூட்டியிருக்குல்ல, அதான் வரல."

"போடி. லயத்துல யாரு உண்மை சொல்லியிருக்கா? கொதிக்கிற ஒடம்ப இல்லீங்கம்பாங்க. செத்தவன ஊருக்குப் போயிட்டான்பாங்க. எனக்குத் தெரியாதா?"

"நான் உங்ககிட்ட மறைக்க மாட்டேன் ஆத்தா. என்ன நடந்தாலும் சொல்லிருவேன். சத்தியம்" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை. அவள் நம்பவில்லை. வாயைத் திறக்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். உடம்பு குச்சியாகிவிட்டது. "ஒங்க சாமிகிட்ட சொல்லிப் பாரு ஞானம். எங்க மாரியாத்தாளுக்குக் காது அடைச்சுப் போச்சு" என்று ஒருநாள் முனகினாள். நான் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

மருந்துக்கார ஐயா மறுபடி வந்தார். "இப்பிடியே விட்டா காய்ச்சல் இல்லாமலே சாவாங்க. இந்த ஞாயிறு தெற" என்றார். எப்படித் திறப்பேன்? கேட்டால் பொய் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் நோய் வரும். திறந்தாலும் குழி, பூட்டினாலும் குழி.

ஞாயிறு விடியும்போது அடுப்பங்கரையில் முழங்கால் போட்டேன். அழகான ஜெபம் எதுவும் வரவில்லை. ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன். "நீர் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறீர்? நான் இனி யாரையும் புதைக்க மாட்டேன். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். கேட்டால் உண்மை சொல்லுகிற ஒரு ஆளை அனுப்பும். ஒரு ஆள் போதும். இந்தக் கிழவி வாயில் கொஞ்சம் கஞ்சி போக வேண்டும்." இதுதான் ஜெபம். ஆமென்கூடச் சொன்னேனா என்று ஞாபகமில்லை. எழுந்து கேட்டுக்குப் போனேன்.

வெளியே மழையில் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவர்களைக் கேட்டேன். "இல்லீங்க." "இல்லீங்க." ஒவ்வொரு இல்லீங்கவுக்கும் அவர்கள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அடுத்தது ராமையா. கையில் இலைப் பொட்டலம். கம்பளியைப் போர்த்தியிருந்தான்.

"காய்ச்சல், இருமல் ஏதாச்சும் இருக்கா?"

அவன் தலையைக் குனிந்தான். "இருக்குங்க அக்கா. நேத்துல இருந்து கொதிக்குது."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "இருக்குன்னா ஏன்யா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"ஆத்தா சாப்பிட மாட்டேங்குதுன்னு பஸ்காரங்க வந்து சொன்னாங்க. மனசு கேக்கல. இல்லைன்னு சொல்லிறலாம்னுதான் வந்தேன்." பொட்டலத்தை மண்ணில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். "ஆனா ஆத்தா என் மொகத்தத் தடவுங்க அக்கா. கையில சூடு தெரியும். அப்புறம் அதுக்கும் ஒட்டிக்கும். அதான் சொல்லிட்டேன்."

பிறகு, முன்னால் "இல்லீங்க" என்று சொன்ன ஒரு பெண் மெதுவாக விலகி நின்றாள். "எனக்கும் காலையில இருந்து தல கனமாத்தான் இருக்குங்க." இன்னொருவர் வரிசையை விட்டு வந்தார். இன்னொருவர். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சபையாரே, ஒரு ஆளைக் கேட்டேன். ஆண்டவர் வரிசையையே அனுப்பியிருந்தார்.

ஆனால் ராமையாவைப் பார்க்காமல் அவன் ஆத்தா சாப்பிட மாட்டாளே! அதை அவனே யோசித்து வைத்திருந்தான். "அக்கா, ஆத்தாள வெளிய கூட்டியாங்க. நான் எதிர் மேட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டி, எதிரே இருந்த தேயிலை மலையில் ஏறினான். காய்ச்சல்காரன் ஏறுவது எப்படி இருக்கும்? நாலு அடி ஏறுவான், தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதற்குள் பனி இறங்கி மலையை மூடிவிட்டது. ஆளைக் காணவில்லை.

காத்தாயி ஆத்தாவைத் தூக்கிக்கொண்டுவந்து முற்றத்தில் நாற்காலியில் உட்கார வைத்தேன். "எதுக்குடி மழையில போடுற?" என்று திட்டினாள். அப்போது கேட்டது. மலையில் வேலை செய்கிறவர்கள் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிடுவார்களே, நீளமாக இழுத்து, அந்தக் கூப்பாடு.

"ஆத்தோஓஓவ்!"

அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்துவிட்டாள். நிற்க முடியாதவள் நின்றாள். கையை வாய்க்கு வைத்து, அந்த உடம்பில் எங்கிருந்து வந்ததோ, "ஓஓஓவ்! ராமையாஆ!" என்று திருப்பிக் கூவினாள். இருவரும் அப்படியே மாறி மாறிக் கூப்பிட்டார்கள். உள்ளே படுத்திருந்தவர்களெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

"ஆத்தா! எனக்குக் காச்சலு! அதான் வரல!"

"மருந்து குடிச்சியாடா?"

"குடிச்சேன்! நீ கஞ்சி குடி! கஞ்சியக் குடி ஆத்தா!"

அன்றைக்கு அவள் ஒரு கிண்ணக் கஞ்சி குடித்தாள். நானே ஊட்டினேன். "உசுரோடதான் இருக்கான்" என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தரம் சொன்னாள். நான் அடுப்பங்கரைக்குப் போய் வாய்விட்டு அழுது ஸ்தோத்திரம் சொன்னேன்.

அதற்கப்புறம் எங்களுக்கு வழி தெரிந்துவிட்டது. சுகமில்லாதவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. "இருக்குங்க" என்று சொன்னால் எதிர் மேட்டில் நின்று கூப்பிடலாம். சுகமாக இருப்பவர்கள் கை கழுவி, வாயில் துணி கட்டி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வரலாம். உண்மை சொன்னால் ஒன்றும் பறிபோகாது என்று தெரிந்ததும் நம் சனங்கள் உண்மை சொன்னார்கள். எதிர் மேட்டுத் தோட்டத்துக் கங்காணி முதலில் குரைத்தார். அப்புறம் அவரே வந்து நின்று தன் சித்தப்பாவைக் கூப்பிட்டார். அந்தக் காய்ச்சலுக்கு எங்கள் இல்லத்தில் நாங்கள் அதற்குப் பிறகு குழி வெட்டவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நல்ல சாட்சி. ஆனால் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு எதிர் மேட்டில் ஒரு பெண் நின்றாள். கூப்பிடவில்லை, சும்மா நின்றாள். நான் ஓடைக்கு இறங்கிப் போனேன். ராமையாவின் பெண்சாதி. நெற்றியில் பொட்டில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னாள். சளி நெஞ்சில் இறங்கிவிட்டதாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் போய்விட்டானாம். "மழையில வந்ததுல கூடிப் போச்சுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி மேலே ஏறினேன். ஆண்டவரே, உண்மை சொல்லுகிற ஆளைக் கேட்டேன், அவனையேவா எடுத்துக்கொண்டீர் என்று கேட்டேன். இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காத்தாயி ஆத்தாவிடம் ஊருக்குப் போயிட்டான் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்த வருஷங்களில் யார்தான் இந்தியாவுக்குக் கப்பலேறவில்லை? அவளும் நம்பிவிடுவாள். ஆனால் சத்தியம் செய்திருந்தேனே. உண்மை சொல்லிவிட்டுத்தானே அவன் அந்த மேட்டில் ஏறினான்?

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். சொன்னேன்.

அவள் கத்தவில்லை. வெகுநேரம் என் விரலை நெருடிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கி மேட்டுல நின்னான்ல, என்னயப் பாத்தானாடி?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பனி மூடியிருந்துச்சு ஆத்தா. பாத்திருக்க முடியாது."

"ம்." என் விரலை விடாமல், "என் கொரலு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ஆத்தா. நீங்க கூப்புட்டதுக்குத்தான அவரு திருப்பிக் கூப்புட்டாரு."

"ஆமா. கூப்புட்டான்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "கஞ்சி இருக்கா?"

"இருக்கு ஆத்தா."

"கொண்டா. அவன் கடைசியாக் கேட்டது அதுதான."

நான் ஊட்டினேன். அழுதுகொண்டே விழுங்கினாள். அதற்கப்புறமும் மூன்று வருஷம் இருந்தாள். மழை நாளில் கட்டாயம் முற்றத்துக்குக் கூட்டிப்போகச் சொல்வாள்.

சபையாரே, ஜெபித்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்ல என்னால் முடியாது. கிழவி வாயில் கஞ்சி போக வேண்டும் என்று கேட்டேன், போயிற்று. உண்மையான ஒரு ஆளைக் கேட்டேன், வந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்காக நன்றி சொல்கிறேன், அழுதுகொண்டேதான் சொல்கிறேன். நீங்களும் கேளுங்கள். அலங்காரம் வேண்டாம், ஒரு வாய்க் கஞ்சிக்குக் கேட்கிற மாதிரி கேளுங்கள். அவர் உங்களைத் திருப்பி என்ன கேட்டாலும் "இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.