சாமத்திய வீட்டுக்கு வந்த காக்கட்டூ

ரஞ்சன் அண்ணை, பதின்மூன்று வயதுப் பிள்ளையை நீங்கள் "காட்டிக்குடுத்தவள்" என்று சொன்னீர்கள். இங்கே சுவிஸில், எம்மன்புரூக்கேத் தமிழ்க்கடையில், நாலு பேர் கேட்கச் சொன்னீர்கள். அவள் என் தங்கையின் மகள் ஆரணி.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். பெண்பிள்ளை வயதுக்கு வந்த சடங்கான சாமத்திய வீடு என்றால் இங்கே இப்போது பல்லக்கு போதாது. மண்டபம் சோடிக்கும் ரஞ்சன் அண்ணை ஒரு வெள்ளைக் காக்கட்டூவையும் வாடகைக்கு விட்டார். மஞ்சள் கொண்டை வைத்த அவுஸ்திரேலியப் பறவை. அங்கே நூற்றுக்கணக்கில் கூட்டமாக வந்து வயலில் இறங்குமாம். மனிதர் அளவுக்கு ஆயுளாம். இங்கே அது ஒரு கூட்டுக்குள் தனியே கிடந்தது. ஆரணியின் தோளில் அதை ஏற்றியதும் மேளம் அடித்தார்கள், கடதாசிப்பூ வெடித்தார்கள். பறவை கொண்டையை விரித்துக் காது கிழியக் கத்தியது.

"பாருங்கோ, கொண்டை விரிச்சுப் பிள்ளையை வாழ்த்துது!" என்றார் அண்ணை மைக்கில். மண்டபமே சிரித்தது.

"பயத்தில விரிக்குது, மாமா," என்றாள் ஆரணி என்னிடம். "அதின்ர நெஞ்சைப் பாருங்கோ. இறகைத் தானே பிடுங்கிப் போட்டுது."

"சும்மா நில்லு பிள்ளை, வீடியோ ஓடுது," என்றாள் தங்கை.

நெஞ்சு வெறும் தோலாக இருந்தது. அப்வார்ட் என்று இவர்கள் சொல்லும் மண்டபப் பொறுப்பாளர், ஒரு சுவிஸ்காரர், என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: இது உங்கள் சமயத்தில் புனிதமான பறவையா? உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "யா" என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார். அந்த மரியாதை இன்னும் என்னைச் சுடுகிறது.

இந்த நாட்டில் காக்கட்டூ போன்ற கிளி இனத்தைத் துணையில்லாமல் தனியாக வளர்ப்பது சட்டப்படி குற்றம். திங்கட்கிழமை ஆரணி தானே கன்டோன் எனும் மாநில அரசின் மிருகநல அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். வந்து பார்த்தார்கள். வேறு காக்கட்டூக்கள் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். பிறகுதான் உங்கள் வாயில் அந்தச் சொல் வந்தது.

போர்க்காலத்தில் ஊரில் அந்தச் சொல் விழுந்தவர்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டதை நீங்களும் கண்டவர், நானும் கண்டவன். 2009இல், ஊரில் எங்கள் சனம் போரில் செத்துக்கொண்டிருந்தபோது, ஜெனிவாவில் நின்று, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே என்று இந்த நாட்டவரிடம் கத்தியதும் நாங்கள்தான். பறவையையும் போரையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அது உங்களுக்குப் பொறுக்கவில்லை.

ஆரணி இப்போது சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்குப் போவதில்லை. "அங்க பிள்ளையள் என்னைப் பொலிஸ் எண்டு கூப்பிடுகினம், மாமா. இனி என்னைக் கேக்காதேங்கோ."

வருகிற பொங்கல் விழாவிலும் நீங்கள்தான் அறிவிப்பாளர். முதல் நிகழ்ச்சியைக் கூப்பிட முன்னர், எல்லோருக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள். இங்கே லுட்சேர்னில் பிறந்த இந்தப் பிள்ளை, யாரை யாரிடம் காட்டிக்கொடுத்தாள்?