அரை மணி நேரத் தூக்கம்

அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழில் புதன்கிழமைதோறும் பத்தி எழுதினாள். எல்லாமே வேலை செய்கிறவர்களைப் பற்றி: லிஃப்ட் பழுது பார்ப்பவர், பூட்டு திறப்பவர், மேடைக்கு நாற்காலி அடுக்குபவர். செவ்வாய் மாலை மற்ற பக்கங்கள் அச்சுக்குப் போன பிறகும் அவளுடையது வந்திருக்காது. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘கடைசி பஸ்’.

“கடைசி பஸ், பக்கத்தை மூடணும்மா!” என்று ஆசிரியர் போனில் கத்துவார்.

“இன்னும் ஒருத்தர் ஏறணும் சார். ஏறினதும் எடுத்துடலாம்.”

ஏற வேண்டியவர், அவள் யாரைப் பற்றி எழுதினாளோ அவர். முழுக்கப் படித்துக் காட்டி, அவர் சரி என்றால்தான் அனுப்புவாள்.

இந்த வழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. எழுத ஆரம்பித்த இரண்டாம் வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தைப் பற்றி எழுதினாள். துணி மடிக்கும் பெண் மதியத்தில், இயந்திரத்திலிருந்து வெதுவெதுவென்று வந்த போர்வைக் குவியலில் பத்து நிமிடம் கண்ணயர்வதை ஆசையாக வர்ணித்திருந்தாள். பெயர் போடவில்லை. ஆனால் அங்கே மடிக்கும் மேசையில் இருந்ததே ஒரு பெண்தான். மேற்பார்வையாளரோ பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். மறுநாளே அந்தப் பெண்ணை ரத்தக்கறைத் துணி அலசும் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார். அக்கா அவரிடம் எவ்வளவோ மன்றாடினாள், மனிதர் அசையவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க மட்டும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிகளின் பின்கட்டு வேலைகளைப் பற்றி எட்டு வருடம் உழைத்து ஒரு புத்தகம் எழுதினாள். கடைசி அத்தியாயம் அந்தத் தவறைப் பற்றியது. மற்ற எல்லாரும் கேட்டுச் சம்மதித்துவிட்டார்கள். அந்தச் சலவைக்கூடப் பெண் ஒருவர்தான் பாக்கி. இரண்டு தடவை அவர் வீட்டுத் தெருவரை நான் காரில் கூட்டிப்போனேன். இரண்டு தடவையும், “தலை வலிக்குதுடா, திருப்பு” என்றாள்.

அக்கா போய் நான்கு மாதமாகிறது. அந்த ஆசிரியர்தான் இப்போது பதிப்பகம் நடத்துகிறார். “அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துட்டு போட்டுடலாமா தம்பி?” என்று தயங்கிக் கேட்டார். எடுத்துவிட்டால் அது அவள் புத்தகமில்லை. படித்துக் காட்டாமல் போட்டாலும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தாள்களை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

மாடி வீடு. அவர் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் மடிப்பது நின்றது.

“அவங்க வரலையா?”

சொன்னேன். கையிலிருந்த துண்டை நான்காக மடித்து, நீவிவிட்டு, பக்கத்தில் வைத்தார். “படிங்க” என்றார்.

படித்தேன். நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். “தண்ணி குடிச்சிட்டுப் படிங்க தம்பி. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.” கடைசித் தாள் முடிந்ததும் நிமிர்ந்தார்.

“இதுல ஒண்ணு தப்பா இருக்கு.”

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

“பத்து நிமிஷம்னு போட்டிருக்காங்க. நான் தூங்கினது அரை மணி நேரம். கண்ணு முழிச்சப்போ உங்கக்கா நோட்டை மூடி வச்சிட்டு, சத்தம் போடாம போர்வையை மடிச்சிட்டிருந்தாங்க. என் பங்கையும் சேர்த்து. அதை எழுதவே இல்ல பாருங்க.”

“உங்களுக்குக் கோபம் இல்லையா?”

“ரெண்டு வருஷம் இருந்தது. அந்தப் பக்கத்துல மருந்து கலந்த தண்ணி, கை வெந்து போச்சு. ஒரு தடவை வந்திருந்தா நல்லா திட்டியிருப்பேன். திட்டினதும் தீர்ந்திருக்கும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “போடுங்க. ஆனா அரை மணின்னு திருத்திப் போடுங்க. பேரையும் போடுங்க. ரிட்டயர் ஆனவளை எவன் எங்க மாத்துவான்?”

அங்கேயே பென்சிலால் திருத்தினேன். அக்கா போர்வை மடித்ததை அவர் சொன்னபடியே ஓரத்தில் எழுதி, அவருக்கே ஒரு முறை படித்துக் காட்டினேன். தலையாட்டினார்.

தெருவில் இறங்கியதும் ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

“ஏறிட்டாங்க சார்,” என்றேன். “பஸ்ஸை எடுத்துடலாம்.”