ஆறிப்போன புண்

அன்றைக்கு ராமநாதபுரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தது டாக்டரம்மா. ஊசி போடும் நர்ஸ். என்னோடு தொழில் செய்யும் பாக்கியத்தக்கா. நான். என் வயிற்றில் நாலு மாதப் பிள்ளை.

ஆம்பிளைகளிடம் போய்ப் பிழைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்பு எனக்குக் கொஞ்சம்தான்.

முதலில் மறைவிடத்தில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை. ராமேஸ்வரம் போய் அக்கினி தீர்த்தத்தில் முழுகினேன். கோயில் கிணறுகளிலும் குளித்தேன். அங்கே குளித்தால், படுக்கையில் ஒட்டும் மேகநோய் தீரும் என்று எங்களுக்குள் பேச்சு. சில வாரத்தில் புண் ஆறிவிட்டது. மறுபடி தொழிலுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்தன. புண்ணையும் அதையும் நான் சேர்த்து நினைக்கவில்லை. இது மூன்றாவது.

ரத்தத்தைச் சோதித்து, சிபிலிஸ் (மேகநோயில் ஒரு வகை, பரங்கிப்புண் என்பார்கள்) என்றார் டாக்டரம்மா.

"குளிச்சதுல ஆறிருச்சேம்மா."

"குளிக்காட்டியும் ஆறியிருக்கும். புண்ணுதான் ஆறும். நோய் ரத்தத்துலயே கிடக்கும். பிள்ளைக்கும் போகும். உன்னை யாரும் கட்டாயப்படுத்தி இதுல விட்டாங்களா?"

"இல்லம்மா. உப்பளத்துல வேலை செஞ்சு காலு வெந்துபோச்சு. நானாத்தான் வந்தேன்."

"ஆபத்துன்னு தெரியாதா?"

"தெரியும். கடலுக்குப் போறவுகளுக்கும் தெரியுமில்ல."

"அவுக செத்தா ஊரே அழுகும். நம்ம செத்தா பாயைத்தான் எரிப்பாக," என்றாள் பாக்கியத்தக்கா. நர்ஸ் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கடலுக்குப் போறவன் கைப்பிள்ளையை வள்ளத்துல ஏத்திட்டா போறான்?"

தொழில் நான் எடுத்தது. பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

பெனிசிலின் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி இடுப்பில் போட்டார்கள். முதல் ஊசிக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. கிருமி சாகும்போது அப்படி வரும் என்றார்கள். நான் பார்க்காத நோயை, நான் பார்க்காத மருந்து எனக்குள்ளே தேடிப் போனது. அந்த நினைப்பில் மூச்சு விடவே பயமாக இருந்தது.

பாக்கியத்தக்காவும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்து ஊசி போட்டுக்கொண்டாள்.

வயிற்றில் அசைவு வந்த பிறகும் நான் நம்பவில்லை. முந்தைய பிள்ளைகளும் அசைந்தவைதான். அவை நின்றுபோன மாதம் வந்தது. உட்கார்ந்தபடியே தூங்கினேன். அந்த மாதமும் போனது.

என் உடம்பு எனக்குத் தெரியும் என்றிருந்தேன். தெரியாது. இப்போது அதன்மேல் கை வைக்கும்போது வேறொருவர் வீட்டுக் கதவில் வைப்பதுபோல் இருக்கிறது.

பெண்பிள்ளை. வெளியே வந்ததும் அழுதாள். நர்ஸ் தராசில் கிடத்தி, நல்ல எடை என்றார்.

ஆறேகால் ராத்தல்.